சந்தை ஊர்களில் ஏன் கிழமைக்கு ஒருநாள் மட்டும், அதுவும் தெருவில்?

வெள்ளவத்தையில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மகளைப் பார்க்க இங்கிலாந்துக்குச் சென்றிருந்தபோது, ஒக்ஸ்போர்ட்டுக்குக் கிழக்கேயுள்ள டேம் என்னும் சிறிய ஊரில் செவ்வாய்க்கிழமை காலையில் பிரதான வீதியிலேயே சந்தை கூடியிருப்பதை அவர் கண்டிருக்கிறார். மலைநாட்டில் தாம் பிறந்த ஊரின் ஞாயிற்றுச் சந்தையும் இப்படித்தான் தெருவில் பரவிக் கிடந்தது அவருக்கு அப்போது நினைவுக்கு வந்திருக்கிறது. இரண்டு இடங்களிலும் ஏன் கிழமைக்கு ஒருநாள், ஏன் தெருவில், நல்ல கட்டடம் ஒன்றைக் கட்டித் தினமும் நடத்தினால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நன்மைதானே என்று கேட்கிறார். அவருடைய ஊரில் பிரதேச சபை அப்படியொரு கட்டடத்தைப் பற்றி இப்போது பேசிக்கொண்டிருப்பதால், இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். உள்ளூராட்சிப் பணியில் இருந்த காலத்தில் சந்தைக் குத்தகைக் கோப்புகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், இந்தக் கேள்வியைப் பலர் தவறான முனையிலிருந்து தொடங்குவதைப் பார்த்து வந்திருக்கிறேன்.

சந்தையைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் இடத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் கிழமைச் சந்தைக்கு ஆதாரமாக இருப்பது நாள். ஓர் ஊர் தன்னுடைய செவ்வாயையோ ஞாயிற்றையோ இழந்துவிட்டால், எத்தனை கோடி ரூபாவில் கட்டடம் எழுப்பினாலும் அந்தச் சந்தை திரும்பி வருவதில்லை. நாள் உறுதியாக இருந்தால், கூரையில்லாத தெருவிலும் அது பல நூறு ஆண்டுகள் நிலைத்துவிடுகிறது. மற்றைய விளக்கங்கள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

ஒரு கருவாட்டு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். அவர் கூடும் ஊரிலும் அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் 400 குடும்பங்கள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் கிழமைக்குக் கால் கிலோ கருவாடு வாங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 கிலோ. அதைத் தினமும் கடை திறந்து விற்றால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 14 கிலோதான் போகும். கடை வாடகை, உதவிக்கு நிற்பவரின் கூலி, மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்து வீணாகும் சரக்கு எல்லாவற்றையும் கழித்தால் 14 கிலோவின் இலாபத்தில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. அதே 100 கிலோவை ஒரே நாளில் விற்க முடிந்தால் அந்த நாள் அவருக்கு நல்ல நாள். மீதி ஆறு நாளும் கை சும்மா இருக்கக் கூடாது என்றால் வேறு ஊர்களுக்குப் போக வேண்டும். திங்கள் ஓர் ஊர், புதன் ஓர் ஊர், வெள்ளி ஓர் ஊர் என்று அவர் சுற்றத் தொடங்குகிறார். தனித்தனியே ஒரு கருவாட்டுக் கடையைத் தாங்க இயலாத ஐந்தாறு சிற்றூர்கள், ஒரே வியாபாரியை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. துணி வியாபாரி, பாத்திர வியாபாரி, கத்தி அரிவாள் விற்பவர், நாற்றும் விதையும் கொண்டுவருபவர் எல்லாருக்கும் இதே கணக்குத்தான். அவர்கள் அனைவரும் ஒரே நாளில் ஒரே ஊரில் கூடுவதால், அந்தச் சிற்றூர் அன்று ஒருநாள் மட்டும் ஒரு நகரத்துக்குரிய கடைத்தெருவைப் பெறுகிறது.

புவியியலாளர்கள் இதைச் சூத்திரமாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரு வியாபாரி பிழைப்பதற்கு வேண்டிய ஆகக் குறைந்த விற்பனை ஒன்று. வாங்குபவர் அந்தப் பொருளுக்காகப் பயணம் செய்ய இணங்கும் ஆகக் கூடிய தூரம் மற்றொன்று. அந்தத் தூரத்துக்குள் இருப்பவர்கள் வாங்குவது அந்த ஆகக் குறைந்த விற்பனையை எட்டாதபோது வியாபாரியே நகர வேண்டியிருக்கிறது. 1962 இல் கொரியச் சந்தைகளை ஆராய்ந்த ஸ்டைன் என்பவர் சொன்னது இதைத்தான். 1964 இலும் 1965 இலும் சீனாவின் சிச்சுவான் பகுதிச் சந்தைகளைப் பற்றி வில்லியம் ஸ்கின்னர் எழுதிய நீண்ட கட்டுரைகள் இன்னும் ஒருபடி மேலே போயின. பத்து நாள் சுற்றில் ஓர் ஊருக்கு 1, 4, 7 ஆம் நாட்கள், அடுத்த ஊருக்கு 2, 5, 8, அதற்கடுத்ததற்கு 3, 6, 9 என்று நாட்கள் ஒன்றோடொன்று முட்டாமல் பங்கிடப்பட்டிருந்ததையும், குடிசனம் பெருகப் பெருகச் சந்தை கூடும் நாட்களும் நெருங்கி வந்ததையும் அவர் விரிவாகக் காட்டினார்.

எனவே 'ஏழு நாளுக்கு ஒருமுறை' என்பதில் புனிதமான கணக்கு எதுவும் இல்லை. கொரியாவின் மரபுச் சந்தைகள் இன்றும் ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடுகின்றன. ஜாவாவில் லெகி, பாஹிங், பொன், வாகே, கிளிவொன் என்ற ஐந்து நாள் கொண்ட சந்தைக் கிழமையே ஒன்று இருக்கிறது. நைஜீரியாவின் இக்போ மக்களிடம் எகே, ஓரியே, அஃபோ, இன்க்வோ என நான்கு நாள். பழைய ரோமாபுரியில் எட்டு நாளுக்கு ஒருமுறை. மக்களின் அடர்த்தியும் கையில் புழங்கும் பணமும் நடந்துபோகும் தூரமும் சேர்ந்து இந்த இடைவெளியைத் தீர்மானித்தன. நம்மவரிடமும் ஐரோப்பியரிடமும் ஏழு நாள் கிழமை ஏற்கெனவே இருந்தபடியால் சந்தை அதற்குள் அமர்ந்துகொண்டது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, நாமக்கல் பக்கத்தில் புதன்சந்தை, கன்னியாகுமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை என்று நாளே ஊர்ப்பெயராகிப் போனது அதன் பிறகு நடந்தது.

விவசாயியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதே முடிவுதான். தோட்டத்தை விட்டுவிட்டு நாள்தோறும் சந்தையில் உட்கார அவரால் முடியாது. 13 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்ட அறிஞர் பிராக்டன் இதற்கு ஓர் அளவே சொல்லிவைத்தார். ஒரு மனிதர் ஒருநாளில் நடக்கக்கூடியது இருபது மைல். பகலை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு விற்று வாங்குவதற்கு, ஒரு பங்கு இருட்டுவதற்குள் வீடு திரும்புவதற்கு. ஆகவே ஒரு சந்தைக்கு ஆறும் மூன்றில் இரண்டு பங்கும் கொண்ட மைல் தூரத்துக்குள் இன்னொரு சந்தை எழுந்தால் அது முந்தைய சந்தைக்குத் தீங்கு என்று கருதப்படலாம். ஏறக்குறைய 10.7 கிலோமீற்றர். இந்த அளவு அந்நாட்டின் சட்டத்தில் அண்மைக் காலம்வரை வந்திருக்கிறது. கால்நடையாக வந்த ஒரு விவசாயியின் பகற்பொழுது சட்டமாகிவிட்டதை எண்ணும்போது, அதை வகுத்தவர்கள் சந்தையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சந்தை நடத்த அரசரிடம் பட்டயம் பெற வேண்டியிருந்த காலம் அது. பட்டயத்தில் இன்ன ஊரில், இன்ன கிழமையில் என்று நாள் குறிக்கப்பட்டிருக்கும். நாளை மீறிக் கூட்டினால் அயலூர் வழக்குத் தொடுக்கும். சோல்ஸ்பரிக்கும் அதன் அயலிலிருந்த வில்டனுக்கும் நடந்த சண்டை இதற்கு நல்ல சான்று. வில்டன் பழைய ஊர்; சோல்ஸ்பரி 13 ஆம் நூற்றாண்டில் ஆயர் ஒருவர் புதிதாக எழுப்பிய ஊர். புதிய ஊர் தனக்குரிய நாட்களைக் கடந்தும் சந்தை கூட்டியது என்பது வில்டனின் முறைப்பாடு. வில்டன் அதிகாரிகள் வழியில் நின்று வியாபாரிகளைத் தம் பக்கம் இழுத்தார்கள் என்பது சோல்ஸ்பரியின் முறைப்பாடு. 1244 இல் சோல்ஸ்பரிக்குத் தெற்கே ஒரு பாலம் கட்டப்பட்டு நெடுஞ்சாலை அந்தப் பக்கம் திரும்பியதும் வில்டன் சோர்ந்துபோயிற்று. பாதை திரும்பினால் சந்தையும் திரும்பும் என்பது நம் ஊர்களுக்கும் பொருந்தும். புறவழிச்சாலை போடப்பட்ட ஊர்களில் சந்தை மெலிந்துபோனதை நாமும் பார்க்கிறோம்.

இனித் தெருவுக்கு வருவோம். டேம் ஊரின் பிரதான வீதியை நினைவுகூருங்கள். இரு முனையிலும் ஒடுங்கி, நடுவில் வயிறு பெருத்ததுபோல அகன்றிருக்கும். போக்குவரத்துக்காக அமைந்த ஒரு வீதியில் பின்னர் வியாபாரிகள் வந்து குந்திக்கொண்டார்கள் என்று நினைப்பது தவறு. அந்த ஊருக்கு உரிமையுள்ள லிங்கன் நகர ஆயர் 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெடுஞ்சாலையைத் தமது புதிய சந்தைத் தெருவின் ஊடாகத் திருப்பிவிட்டார். தெருவின் அகலம் சந்தைக்காகவே விடப்பட்டது. இருபுறமும் முகப்புக் குறுகியும் பின்புறம் நீண்டும் இருக்கும் காணித்துண்டுகள் வெட்டப்பட்டதும், சந்தையைப் பார்த்தபடி ஆகக் கூடிய வீடுகள் அமைய வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே அங்கே செவ்வாய்க்கிழமைகளில் வீதியைச் சந்தை அடைத்துக்கொள்வதாக நமக்குத் தோன்றுவது, உண்மையில் சந்தை தன் பழைய இடத்துக்குத் திரும்புவதே.

அதே ஊரில் தெருவின் நடுவே தீவுபோல ஒரு வரிசைக் கட்டடங்கள் நிற்பதையும் கவனித்திருப்பீர்கள். ஒருகாலத்தில் அவை அவிழ்த்து மாட்டும் பந்தல்கள். ஒவ்வொரு கிழமையும் அதே இடத்தில் கால் நட்ட வியாபாரி, ஒருநாள் அதைக் கழற்றாமல் விட்டார். பிறகு பலகை அடித்தார். பிறகு சுவர் எழுப்பி மாடியும் கட்டினார். சோல்ஸ்பரியில் இறைச்சிக்காரர் வரிசை, மீன் வரிசை என்று இன்றும் பெயர் தாங்கி நிற்கும் தெருக்கள் இப்படிப் பிறந்தவைதான். கிழமைச் சந்தைக்கு ஆபத்து பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. நிரந்தரமாகிவிட வேண்டும் என்ற ஆசையாக உள்ளிருந்தே வருகிறது. சந்தைத் தெருவைக் காப்பாற்றிய ஊர்கள், மாலையில் எல்லாம் கழற்றப்பட வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாகப் பேணிய ஊர்களே. கோயில் முற்றத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் சந்தை கூடுவதை 1285 ஆம் ஆண்டின் வின்செஸ்டர் சட்டம் தடை செய்த பின்னர், தெருவும் சதுக்கமும் இன்னும் முக்கியமாயின.

நம்முடைய வரலாறு வேறு. பதுளைத் தூண் கல்வெட்டு என்று அறியப்படும் 10 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, மகியங்கனைப் பக்கத்தில் ஹோபிட்டிகம என்ற சந்தை ஊருக்கு அரசர் வகுத்துக் கொடுத்த விதிகளைச் சொல்கிறது. சரக்குக்குத் தீர்வை எப்படி அறவிடுவது, எந்த அளவையைப் பயன்படுத்துவது, பௌத்தரின் நோன்பு நாளான போயாவில் கடை திறக்கக் கூடாது என்பன அவற்றுள் அடங்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீர்வை, அளவை, நாள் ஆகிய மூன்றும்தான் சந்தைச் சட்டத்தின் உள்ளடக்கமாக இருந்தன. தென்னிந்திய வணிகர் குழுவான ஐந்நூற்றுவரின் கல்வெட்டுகளும் இத்தீவில் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. ஆனால் இந்த மரபு மலைநாட்டில் அறாமல் தொடர்ந்தது என்று சொல்ல முடியாது. 1660 இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் 1679 வரை வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், அங்கே சந்தைகளே இல்லை, துணி, உப்பு, புகையிலை முதலியவை விற்கும் சில கடைகள் மட்டுமே உண்டு என்று எழுதினார். ஆகவே இன்று நாம் மலைநாட்டில் 'பழைய சந்தை' என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை 19 ஆம் நூற்றாண்டில் தோட்டங்களோடும் வீதிகளோடும் பிறந்தவை. புகையிரதம் கண்டிக்கு 1867 இலும் பதுளைக்கு 1924 இலும் போய்ச் சேர்ந்தது. வழியில் ஒவ்வொரு தரிப்பிடமும் ஒரு சந்தை ஊராகும் வாய்ப்பைப் பெற்றது.

தோட்டத்தில் கையில் காசு பெற்ற, ஆனால் மரக்கறி பயிரிடச் சொந்த நிலமில்லாத ஒரு பெரும் மக்கள்தொகை இருந்தது. சுற்றியிருந்த கிராமங்களில் மரக்கறி இருந்தது, காசு இல்லை. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும், கொழும்பிலிருந்து துணியும் பாத்திரமும் கொண்டுவரச் சுற்று வியாபாரிகள் இருந்தார்கள். அவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். மூன்று தரப்பும் சந்திக்கத் தோட்டத்துக்கு வேலையில்லாத நாளே பொருந்தியது. அதனால்தான் மலைநாட்டு ஊரான பண்டாரவளையில் சந்தைநாள் ஞாயிறு. பிரித்தானியர் கிறிஸ்தவர்கள் என்பதால் வந்த ஓய்வுநாள், இந்துத் தொழிலாளரும் பௌத்த விவசாயிகளும் முஸ்லிம் வியாபாரிகளும் கூடும் சந்தைநாளாக நிலைத்தது. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்குப் பதிலாகப் போயா நாட்கள் வார விடுமுறையாக இருந்தன என்பதை இளையவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். பாடசாலையும் அலுவலகமும் ஞாயிறன்று திறந்திருந்தன; விடுமுறை, பிறையைப் பார்த்து நகர்ந்தது. 1971 ஜூலையில் ஞாயிறு திரும்பி வந்தது. வெளிநாட்டு வர்த்தகத்துக்கு ஏற்பட்ட சிரமத்தையே அதற்குக் காரணமாகப் பலரும் சொல்வார்கள். ஆனால் நாட்கள் இடம் மாறினால் சாதாரண மனிதரின் கொள்முதலும் தடுமாறும் என்பதற்கும் அது சான்று.

அந்தச் சந்தைகளை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அவற்றின் ஒழுங்கு புரியும். சனி இரவு பத்து மணிக்குப் பிறகு லொறிகள் வந்து நிற்கும். சாக்குகளை இறக்கிவைத்து அவற்றின் மேலேயே தரப்பாளை விரித்து ஆட்கள் படுத்துக்கொள்வார்கள். தரையில் கோடு இல்லை, இலக்கம் இல்லை. ஆனாலும் எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் யாருடைய இடம் என்பது அனைவருக்கும் தெரியும். ஒருவர் இரண்டு கிழமை வராவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வார். பலகைகளையும் கம்பங்களையும் நிரந்தரக் கடைக்காரர் ஒருவரின் பின்கட்டில் வைத்துப் போவார்கள். கைம்மாறாகச் சந்தைநாளில் அவர் கடைக்குப் படியளவு வெங்காயமோ ஒரு பிடி கருவாடோ போகும். விடிந்ததும் கிராமத்துப் பெண்கள் கங்குனையும் வல்லாரையும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து ஓரமாக அமர்வார்கள். தோட்டத்து அம்மா ஒருவர் குனிந்து போஞ்சியை ஒடித்துப் பார்த்து, 'என்ன தங்கச்சி, நேத்துப் புடுங்கினதா?' என்று தமிழில் கேட்பார். 'இல்ல அக்கே, இன்னிக்கு விடியவே' என்று சிங்களப் பெண் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு, விலையை இரு மொழியிலும் சொல்லுவார். சம்பளம் போட்டதற்கு அடுத்து வரும் ஞாயிறு துணிக்காரருக்கு உரியது. சம்பளத்துக்கு முந்திய ஞாயிறு கருவாட்டுக்காரரின் கடன் கொப்பிக்கு உரியது. ஆளைத் தெரிந்து, அடுத்த கிழமையும் அதே இடத்தில் காண்போம் என்ற நம்பிக்கையில் கொடுக்கப்படும் கடன் அது. நாளையும் இடத்தையும் கலைத்தால் முதலில் அறுந்துபோவது இந்தக் கடன்தான். திட்ட அறிக்கை எதிலும் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கப்பட்டு நான் கண்டதில்லை.

நிர்வாகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி கிராமப்புறச் சந்தைகள் பிரதேச சபைகளின் பொறுப்பு. பல சபைகள் கட்டணம் அறவிடும் உரிமையை ஆண்டுதோறும் கேள்விமனு கோரிக் குத்தகைக்கு விடுகின்றன. கூடிய தொகை கேட்டவருக்கு உரிமை கிடைக்கிறது. அவர் தமது முதலை ஓராண்டுக்குள் மீட்க வேண்டும் என்பதால், கூடை வைத்திருக்கும் கிழவியிடமும் பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுக்கத் தலைப்படுகிறார். சந்தையைக் கூட்டிக் கழுவுவதும் வடிகால் வெட்டுவதும் ஓராண்டில் இலாபம் தராத வேலைகள். சந்தைகள் அழுக்காக இருப்பதற்கு வியாபாரிகளைக் குறை சொல்வோர், இந்த ஓராண்டுக் குத்தகை முறையை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். அளவை விடயத்தில் நிலைமை பரவாயில்லை. 1995 ஆம் ஆண்டின் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் இருக்கிறது. தராசுகளுக்கு முத்திரை பெறவேண்டும். ஆயினும் வடக்கின் சந்தைகளில் விவசாயியின் சரக்கில் பத்து வீதத்தைக் 'கழிவு' என்று தள்ளிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக முறைப்பாட்டுக்கு உரியதாகவே இருக்கிறது. நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுவந்தவருக்குத் தொண்ணூறு கிலோவுக்கே காசு கிடைத்தால், தராசில் முத்திரை இருந்தும் பயனில்லை. விவசாயியும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கும் கிழமைச் சந்தையில் இந்தக் கழிவுக்கு இடமில்லை என்பதை நான் அதன் பெரிய நன்மைகளுள் ஒன்றாகக் கருதுகிறேன்.

'அப்படியானால் கொழும்பில் ஏன் கிழமைச் சந்தை?' என்று நீங்கள் கேட்கலாம். புறக்கோட்டையைப் போன்ற இடத்துக்கு இந்தச் சுற்றுமுறை தேவையில்லை. அங்கே ஒவ்வொரு நாளும் சந்தைநாள்தான். மொத்த மரக்கறி வியாபாரத்துக்குரிய மெனிங் சந்தை 2020 நவம்பரில் பேலியகொடைக்கு இடம்பெயர்ந்தபோது, தூரமும் லொறிச் செலவும் பற்றிய பிரச்சினைகள் எழுந்தன. நாள் பற்றிய பிரச்சினை எழவில்லை, ஏனெனில் அது தினச் சந்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் திருநெல்வேலி, சுன்னாகம் போன்ற சந்தைகள் அன்றாடம் இயங்குவதற்கும் இதுவே காரணம்: குடிசனம் செறிவு, தூரம் குறைவு. ஆனால் தெல்கந்தை போன்ற கொழும்பின் புறநகர்ச் சந்தைகள் கிழமை முறையில் செழிப்பாக நடக்கின்றன. சுற்றிவர சுப்பர்மார்க்கட்டுகள் உள்ள இடத்தில் அது எப்படி? கிழமைச் சந்தை வியாபாரி மாலைக்குள் சரக்கை முடித்தாக வேண்டும். குளிரறை இல்லை, நாளைக்கு வேறு ஊர். அதனால் நான்கு மணிக்குப் பிறகு விலை இறங்குகிறது. நிலையான கடையில் அந்த இறக்கம் இல்லை. காலையில் தரம் பார்த்து வாங்குபவரும், மாலையில் விலை பார்த்து வாங்குபவரும் ஒரே சந்தையில் வேறு வேறு நேரத்தில் வருகிறார்கள். அன்றாடச் சம்பளக்காரருக்கு அந்த மாலை நேரம் பெரிய ஆறுதல். பொருட்களின் விலை தாறுமாறாக ஏறிய 2022 இல் அதன் அருமையைக் கொழும்பில் வாழும் அனைவரும் உணர்ந்தோம். அதே ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடு, இந்த முறையின் பலவீனத்தையும் காட்டிற்று. லொறி ஓடாவிட்டால் சுற்று இல்லை. தூர ஊர்களின் சந்தைகளே முதலில் வெறிச்சோடின.

1999 இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் என்னும் மொத்த வியாபாரச் சந்தை தொடங்கப்பட்டதும், அதைத் தொடர்ந்து வேறு ஊர்களிலும் அத்தகைய நிலையங்கள் எழுந்ததும் கிழமைச் சந்தையின் உள்ளடக்கத்தை மாற்றிவிட்டன. முன்பு சந்தையில் இருந்த கோவாவும் கரட்டும் அயற்கிராமத்தினுடையவை. இப்போது வியாபாரி மொத்த நிலையத்தில் வாங்கி வந்து விற்கிறார். மலையில் விளைந்தது தம்புள்ளைக்கு இறங்கி மீண்டும் மலையேறி வருவதும் உண்டு. தன் கைவிளைச்சலை விற்க வருபவரின் இடம் ஓரத்துக்குச் சுருங்கியிருக்கிறது. ஒரு சந்தை பழையதா என்பதை அதன் கட்டடத்தை வைத்தோ வயதை வைத்தோ நான் மதிப்பிட மாட்டேன். அந்த ஓரத்தில் எத்தனை கூடைகள் இருக்கின்றன என்பதையே பார்ப்பேன். தமிழ்நாட்டில் 1999 இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இதே குறையைத் தீர்க்க முயன்றது. விவசாயிகள் மட்டுமே விற்கலாம் என்ற அதன் விதியை நம் கிழமைச் சந்தைகளில் ஒரு பகுதிக்காவது கொண்டுவரலாம் என்பது என் கருத்து.

இனி உங்கள் ஊர்க் கட்டடத்துக்கு வருகிறேன். தினச் சந்தையாக மாற்றும் நோக்கத்தோடு மாடிக் கட்டடம் கட்டினால், மேலே சொன்ன கருவாட்டுக் கணக்கே அதை வீழ்த்திவிடும். மாத வாடகை கொடுத்துத் தினமும் இருக்கக்கூடியவர்கள் பத்துப் பதினைந்து பேர் கடை எடுப்பார்கள். சுற்றி வரும் வியாபாரிக்கு மாத வாடகை கட்டுபடியாகாது. அவர் தம் ஞாயிற்றை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார். அவர் போனால், அவருக்காக வந்த கூட்டம் போகும். கூட்டம் போனால், கடை எடுத்த பதினைந்து பேரும் நட்டப்படுவார்கள். மேல்மாடியில் மரக்கறி விற்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்கைத் தோளில் சுமந்து படியேறுபவரும் இல்லை, இரண்டு கட்டுக் கீரைக்காகப் படியேறுபவரும் இல்லை.

வெயிலும் மழையும் சேறும் உண்மையான துன்பங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றுக்கு வேண்டியது உயரமான, பக்கச் சுவரில்லாத கூரை. தண்ணீர் தேங்காத சரிவான தளம். இரு பக்கமும் வடிகால். இரவு வந்து நிற்கும் லொறிகளுக்கு இடம். பெண்களுக்குப் பூட்டக்கூடிய மலசலகூடமும் குழாய்த் தண்ணீரும். சந்தை இல்லாத ஆறு நாளும் அந்த இடம் பஸ் தரிப்பிடமாகவோ, பிள்ளைகள் விளையாடும் வெளியாகவோ, நெல் காயவைக்கும் களமாகவோ பயன்படட்டும். கட்டணம் நாளொன்றுக்கு என்றே இருக்கட்டும், கூடைக்காரருக்கு இலவசமாகவும். தெருவை விட்டு விலகித்தான் ஆக வேண்டுமென்றால், பஸ் நிற்கும் இடத்திலிருந்து சுமையோடு நடக்கக்கூடிய தூரத்தைத் தாண்டக் கூடாது. சபையின் கூட்டத்துக்கு நீங்கள் போவதாயின், வரைபடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு விபரத்தைக் கேளுங்கள்: உங்கள் சந்தைக்கு ஞாயிறன்று வரும் வியாபாரிகள் திங்கள் முதல் சனி வரை எந்தெந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்ற பட்டியல். அதை எடுப்பதற்கு ஓர் உத்தியோகத்தரும் ஒரு கொப்பியும் இரண்டு ஞாயிறும் போதும். அந்தப் பட்டியல் இல்லாமல் வரையப்பட்ட எந்த வரைபடத்துக்கும் ஊரவர் இணங்க வேண்டியதில்லை.